சங்கீதங்களுக்கு மெட்டமைத்துச் சபையோடு பாடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்கீதங்களுக்கு (திருப்பாடல்களுக்கு) மெட்டுப்போட நினைப்பவர்களும் ஆராதனையில் பாட்டு நடத்துபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பாடகர் குழு தனியாகப் பாடுவதற்கான இசையைப் பற்றி இங்கே பேசவில்லை. நோட்டு வாசிக்கத் தெரியாத, வாரத்தில் ஒருமுறை கூடுகிற ஒரு கூட்டம் எப்படிச் சங்கீதத்தைப் பாடும் என்பதுதான் விஷயம். எண்களும் வசனங்களும் புராட்டஸ்டண்ட் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பின்படி.

சங்கீதத்திலிருந்து எடுத்த பாட்டுகள் ஏற்கனவே நிறைய இருக்கின்றனவே, இன்னும் எதற்கு?

இருக்கின்றன. ஆனால் அவற்றை எடுத்து வைத்துப் பாருங்கள்: பெரும்பாலும் ஒரு சங்கீதத்தின் முதல் ஒன்றிரண்டு வசனங்கள், அப்புறம் எழுதியவரின் சொந்த வரிகள். அதில் தவறில்லை, அது ஒரு பாட்டு. ஆனால் 22ஆம் சங்கீதம் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று தொடங்கி, பெரிய சபையின் நடுவே துதியில் போய் முடிகிறது. அந்தப் பயணம்தான் சங்கீதம். தொடக்கத்தை மட்டுமோ முடிவை மட்டுமோ பாடினால் பயணம் இல்லாமல் போகும். முழுச் சங்கீதத்தையும் சபையின் வாயில் கொடுப்பதுதான் நோக்கம் என்றால், வேலை இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

தாவீது காலத்து மெட்டு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

இல்லை. மெட்டின் பெயர்கள் போலத் தோன்றும் சொற்கள் தலைப்புகளில் உண்டு. 57, 58, 59 மூன்றும் "அழிக்காதே" என்று பொருள்படும் ஒரே தலைப்பைத் தாங்கி நிற்கின்றன. அது அன்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் பெயராக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். 55 சங்கீதங்களின் தலைப்பில் இராகத்தலைவனுக்கு என்ற குறிப்பு இருக்கிறது. "சேலா" என்ற சொல் சங்கீதங்களில் 71 முறை வருகிறது. அதன் பொருளில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. (பாடும்போது அதை உச்சரிக்க வேண்டாம். அந்த இடத்தில் வாத்தியம் மட்டும் கொஞ்சம் வாசித்துவிட்டுத் தொடர்வது எனக்குப் பிடித்த வழி.)

மெட்டு போனாலும் அதைவிட முக்கியமான ஒன்று தங்கிவிட்டது: வரியின் அமைப்பு. எபிரேயப் பிரதியின் குறியீடுகள் ஒவ்வொரு வசனமும் எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று காட்டுகின்றன. முதல் பாதி ஒன்றைச் சொல்லும். இரண்டாம் பாதி அதையே வேறுவிதமாகச் சொல்லும், அல்லது எதிர்த்துச் சொல்லும், அல்லது ஒரு படி மேலே கொண்டுபோகும். ராபர்ட் லௌத் என்ற ஆங்கில அறிஞர் 1753இல் வெளியிட்ட விரிவுரைகளில் இதை விளக்கினார். அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே, வசனத்தின் நடுவில் நிறுத்தி இரு பக்கமாகப் பிரிந்து பாடிய துறவிகளுக்கு இது பழக்கத்திலேயே இருந்தது. நீங்கள் போடும் மெட்டு இந்த இரண்டு பாதிகளையும் காதில் விழச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

என்னென்ன முறைகள் இருக்கின்றன?

பெரிதாக மூன்று.

முதலாவது, ஓதுமுறை. வசனத்தின் பெரும்பகுதியை ஒரே ஸ்வரத்தில் பேசுவதுபோல ஓதி, பாதி முடியும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று ஸ்வரங்கள் நகர்வது. லத்தீன் திருச்சபையின் பழைய ஒற்றைக்குரல் பாட்டான கிரிகோரியன் மரபில் இதற்கு எட்டு ஓதுமெட்டுகள். கூடவே, ஓதும் ஸ்வரம் இரண்டாம் பாதியில் மாறிவிடுகிற ஒன்பதாவது ஒன்று. ஆங்கிலிக்கன் சபைகளில் இதே யோசனை நான்கு குரல் இசையானது: முதல் பாதிக்கு நான்கு ஸ்வரம், இரண்டாம் பாதிக்கு ஆறு, மொத்தம் பத்து. அந்தப் பத்தை வைத்துக்கொண்டு எந்தச் சங்கீதத்தையும் பாடிவிடலாம்.

இரண்டாவது, யாப்புமுறை. சங்கீதத்தைச் செய்யுளாக மாற்றி, பாடலைப்போலச் சரணம் சரணமாகப் பாடுவது. சீர்திருத்தச் சபைகளின் வழி இது.

மூன்றாவது, பல்லவிமுறை. ஒருவர் அல்லது குழு வசனங்களைப் பாட, சபை ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது. கத்தோலிக்கத் திருப்பலியில் பதிலுரைப்பாடல் இப்படித்தான் நடக்கிறது. 1950களில் பிரான்சில் ஜோசப் ஜெலினோ என்ற இயேசு சபைக் குரு இதற்கு ஒரு நல்ல வடிவம் கொடுத்தார்: தாளத்தின் அடி சீராக விழும், இரண்டு அடிகளுக்கு நடுவே எத்தனை அசை (சிலபிள்) வந்தாலும் அதற்குள் அடங்கும்.

புதிதாகத் தொடங்கும் சபைக்கு என் சிபாரிசு, மூன்றாவதையும் முதலாவதையும் சேர்த்துப் பயன்படுத்துவது. வசனங்கள் ஓதுமுறையில், சபைக்கு ஒரு பல்லவி. யாப்புமுறை அழகானதுதான், ஆனால் அதற்கு முதலில் ஒரு நல்ல கவிஞர் வேண்டும்.

யாப்புமுறைக்கு ஏன் இவ்வளவு தயக்கம்? எளிதில் மனதில் நிற்பது அதுதானே?

நிற்கும். அதன் வரலாறே அதற்குச் சாட்சி. சீர்திருத்தத் தலைவர் கால்வின் 1539இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு சிறு தொகுப்பில் தொடங்கினார். க்ளெமான் மாரோவும் தியோடர் பேசாவும் பிரெஞ்சில் செய்யுளாக்க, 1562இல் ஜெனீவாவில் 150 சங்கீதங்களும் முழுமையாக வெளிவந்தன. அவற்றுக்குச் சுமார் 125 மெட்டுகள். பல மெட்டுகளை அமைத்தவர் லூயி பூர்ஷ்வா. 1551இல், மக்களுக்குப் பழகிப்போன மெட்டுகளை அனுமதி இல்லாமல் மாற்றினார் என்று அவரைச் சிறையில் வைத்தார்கள், கால்வின் தலையிட்டு வெளியே கொண்டுவந்தார். ஒரு சபைக்குத் தெரிந்த மெட்டில் கைவைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது! அதே 1551 பதிப்பில் 134ஆம் சங்கீதத்துக்கு வந்த மெட்டுதான், பின்னாளில் ஆங்கிலத்தில் நூறாம் சங்கீதத்துக்குப் போய், இன்றும் உலகெங்கும் பாடப்படுகிறது.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. 1650ஆம் ஆண்டு தொகுப்பில் பெரும்பாலான சங்கீதங்கள் 8, 6, 8, 6 அசை என்ற ஒரே அளவில் இருக்கின்றன. பத்துப் பன்னிரண்டு மெட்டு தெரிந்தால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பாடிவிடலாம். மக்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் விலையும் உண்டு: ஒவ்வொரு வசனத்தையும் ஒரே அச்சில் அழுத்தும்போது சொற்றொடர் தலைகீழாகும், அசை நிரப்பக் கூடுதல் சொற்கள் நுழையும், புலம்பலும் துதியும் ஒரே நடையில் நடக்கும்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." முதல் பாதியைப் பாடுகிறபடி பிரித்தால் பத்து அசை, இரண்டாம் பாதி ஆறு. அடுத்த வசனம் "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து" என்று பதின்மூன்று, "அமர்ந்த தண்ணீர்கள் அண்டையில் என்னைக் கொண்டுபோய்விடுகிறார்" என்று பதினெட்டு. இதை ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். திறமையானவர் எழுதினால் பிரமாதமாக இருக்கும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை ஓதுமுறை கைகொடுக்கும், ஏனென்றால் பத்தானாலும் பதினெட்டானாலும் அதற்குக் கவலை இல்லை.

சரி, ஓதுமெட்டு ஒன்றை எப்படி உருவாக்குவது?

மேலே சொன்ன வசனத்தையே எடுத்துக்கொள்வோம். சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், அதாவது சாதாரண மேஜர் ஸ்கேல் போதும்.

"கர்த்தர் என் மேய்ப்பராயிருக்" என்பது வரை எல்லாம் 'ப'வில். பேச்சு வேகத்தில், சமமாக இழுக்காமல். "கி" என்பதற்கு 'த', "றார்" என்பதற்கு மறுபடி 'ப', அங்கே நீட்டல். காதுக்கு இன்னும் முடியவில்லை என்று தெரியும். ஒரு மூச்சு. பிறகு "நான் தாழ்ச்சி" என்பது 'ம'வில், "ய" 'க', "டை" 'ரி', "யேன்" 'ச'. முடிந்தது. மொத்தமே 'ச' முதல் 'த' வரை ஆறு ஸ்வரம்தான்.

இனி அடுத்த வசனங்களை இதே மெட்டில் பாடிப் பாருங்கள். உடனே மூன்று பிரச்சினைகள் வரும்.

ஒன்று, எந்த அசையில் ஓதும் ஸ்வரத்தை விட்டு நகர்வது என்பது வசனத்துக்கு வசனம் குழப்பும். ஆகவே அச்சிடும்போது அந்த அசையின் மேல் ஒரு கோடோ, தடித்த எழுத்தோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் சபையிடம் வெறும் வசனத்தைக் கொடுத்தால் ஆளுக்கு ஓர் இடத்தில் திரும்புவார்கள்.

இரண்டு, மூன்று பகுதிகள் கொண்ட வசனங்கள். 23ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனம் அப்படித்தான்: பள்ளத்தாக்கு, "என்னோடேகூட இருக்கிறீர்", பிறகு கோலும் தடியும். முதல் பகுதியின் கடைசியில் ஓதும் ஸ்வரத்திலிருந்து ஒரு படி இறங்கி ஒரு சிறு நிறுத்தம் வைத்துவிட்டு, மீதி இரண்டையும் வழக்கப்படி பாடுங்கள். கிரிகோரியன் மரபிலும் இதே உத்திதான்.

மூன்று, முடிவில் நிற்கும் எழுத்து. தமிழ் வினைமுற்று 'ஆர்', 'ஏன்', 'ஈர்' என்று நெடிலில் முடியும்போது கடைசி ஸ்வரத்தை நீட்டுவது இயல்பாக அமையும். ஆனால் 103ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் இரண்டு பாதியிலும் "ஸ்தோத்திரி" என்று குறிலில் முடிகிறது. அந்த 'ரி'யை நான்கு மாத்திரை இழுத்தால் 'ரீ' ஆகி அசிங்கமாகக் கேட்கும். நீட்டலை "ஸ்தோத்" மேல் வைத்து, "திரி"யைச் சுருக்கமாக இறக்கிவிடுங்கள்.

இந்தக் கடைசி விஷயம் எல்லா முறைக்கும் பொது. குறிலை நீட்டினால் மலை மாலையாகும், படு பாடு ஆகும். வெளிநாட்டு மெட்டுகளுக்குத் தமிழ் வரி பொருத்தும்போது அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பல்லவியாக எந்த வரியை எடுப்பது?

சங்கீதமே தருகிறதா என்று முதலில் பாருங்கள். 136இல் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" வருகிறது; அதற்கு வேறு பல்லவி தேடுவது வீண்வேலை. 46இல் "சேனைகளின் கர்த்தர் நம்மோடிருக்கிறார்" 7ஆம் வசனத்திலும் 11ஆம் வசனத்திலும். 42இல் இரண்டுமுறையும் 43இன் முடிவில் ஒருமுறையும் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்ற அதே கேள்வி. இரண்டையும் ஒரே பாட்டாகச் சேர்த்துப் பாட இதுவே போதுமான காரணம். 67, 80, 107 ஆகியவற்றிலும் திரும்பி வரும் வரிகள் உண்டு.

இல்லாத சங்கீதத்தில் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வரி குட்டியாக இருக்கட்டும்; ஒரே மூச்சில் அல்லது இரண்டு மூச்சில் முடிய வேண்டும். சங்கீதத்தின் திருப்பம் எங்கே இருக்கிறதோ அதை முன்கூட்டியே போட்டு உடைக்காதீர்கள். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் நம்பிக்கைக்கு வருகிறது. கடைசி வசனத்தின் துதியைப் பல்லவியாக்கினால், முதல் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்பதையே பல்லவியாக வைத்து, கடைசி வசனத்துக்குப் பிறகு பல்லவி பாடாமல் நிறுத்திவிடலாம். அந்த இல்லாமை நன்றாகவே கேட்கும்.

எவ்வளவு உயரம் போகலாம்?

மேற்கத்திய ஸ்வரப்பெயரில் சொன்னால், கீழே சி, மேலே டி. ஒன்பது ஸ்வரம். பயிற்சி இல்லாத கலப்புக் கூட்டத்துக்கு இதுவே தாராளம். மேல் டியை ஒருமுறை தொடலாம், அங்கேயே குடியிருக்கக் கூடாது. காலை ஆராதனை என்றால் ஒரு ஸ்வரம் இறக்கியே தொடங்குங்கள். மெட்டுப்போடுபவர் தன் குரலுக்கு வசதியான சுருதியிலேயே எழுதிவிடுவதுதான் இதில் நடக்கும் பொதுவான கோளாறு, முக்கியமாக அவர் உச்சஸ்தாயி ஆணாக இருந்தால்.

ராகத்தில் அமைக்கலாமா?

தாராளமாக. மோகனம் போன்ற ஐந்து ஸ்வர ராகம் சபைக்கு மிக வசதி. அரை ஸ்வர இடைவெளி இல்லாததால் கூட்டம் சுருதி விலகுவது குறைவு. கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) இல்லாவிட்டால் அடையாளமே போய்விடும் ராகங்களைத் தவிர்க்கலாம், முந்நூறு பேர் ஒரே மாதிரி அசைக்க மாட்டார்கள்.

முழுச் சங்கீதத்தையும் பாடியே ஆக வேண்டுமா? 119ஐ என்ன செய்வது?

119இல் 176 வசனங்கள், ஆனால் எட்டெட்டாக 22 பகுதிகள். எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஒரு பகுதியே ஒரு பாட்டு. 78 போன்ற நீண்ட வரலாற்றுச் சங்கீதங்களைப் பல வாரங்களாகப் பிரிக்கலாம். ஆனால் 12 வசனமுள்ள ஒன்றில் பிடித்த நான்கை மட்டும் பொறுக்குவதற்கு 'நேரம் இல்லை' என்பது காரணமாகாது. ஓதுமுறையில் 12 வசனம் ஐந்து நிமிடத்துக்குள் முடியும். தொடங்குவதற்கு 117 நல்லது. இரண்டே வசனம்.

எதிரிகளுக்குக் கேடு வரட்டும் என்று கேட்கும் சாப வசனங்களை என்ன செய்வது? 137இன் கடைசியை எப்படிப் பாட முடியும்?

கடினமான கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபை 1971ஆம் ஆண்டின் திருப்புகழ்மாலையில் (அன்றாட மன்றாட்டுப் புத்தகத்தில்) 58, 83, 109 மூன்றையும் முழுவதும் விட்டுவிட்டது. வேறு சிலவற்றில் தனி வசனங்களை நீக்கியது. பல சீர்திருத்தச் சபைகள் எதையும் விடாமல் பாடுகின்றன.

என் கருத்து: பாடுவதாக இருந்தால் துள்ளலான தாளத்தில் பாடாதீர்கள். 137இன் கடைசி வசனங்களை, மெட்டே இல்லாமல் ஒருவர் வாசிக்க, சபை அமைதியாகக் கேட்கட்டும். அநியாயம் கண்டவரின் வாயிலிருந்து வரும் கதறல் அது என்று அப்போதுதான் புரியும். சாபத்தைவிட நாம் அதிகம் ஒதுக்குவது புலம்பலைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 88ஆம் சங்கீதம் ஒரு வெளிச்சமும் இல்லாமல் இருளில் முடிகிறது. அதற்குக் கடைசியில் ஒரு மகிழ்ச்சியான பல்லவியை ஒட்டவைக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். அன்று சபையில் அந்த நிலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சங்கீதம் அப்படியே தேவை.

வரிகளைக் கொஞ்சம் மாற்றி, இயேசுவின் பெயரைச் சேர்க்கலாமா?

ஐசக் வாட்ஸ் 1719இல் வெளியிட்ட தொகுப்பில் அதைத்தான் செய்தார்; தாவீதைக் கிறிஸ்தவரைப்போலப் பேசவைப்பதே அவர் நோக்கம். கிறிஸ்துமஸ் காலத்தில் பாடும் 'ஜாய் டு த வேர்ல்ட்' அவர் கையில் 98ஆம் சங்கீதம் ஆனதுதான். லூதர் 130ஐ ஜெர்மன் பாட்டாக்கியபோதும் தன் விளக்கத்தைச் சேர்த்தே எழுதினார். மறுபக்கம், 1640இல் மாசசூசெட்ஸில் அச்சான சங்கீதப் புத்தகத்தின் முன்னுரை, தேவனுடைய பலிபீடத்துக்கு நம் மெருகு தேவையில்லை என்றது. அதன் கரடுமுரடான வரிகளைப் பார்த்தால் சொன்னதைச் செய்தார்கள் என்று தெரியும்.

இரண்டும் செய்யலாம், எது எதென்று சபைக்குத் தெரிந்தால் போதும். மாற்றி எழுதியதைச் 'சங்கீதம் 98ஐத் தழுவியது' என்று போடுங்கள். ஓதுமுறையில் பாடுவதானால் வேதாகம வரியில் கை வைக்க வேண்டிய அவசியமே வராது. கிறிஸ்தவ நிறைவு வேண்டுமென்றால் பழைய வழக்கப்படி முடிவில் திரித்துவ மகிமைப்பாடலைச் சேர்க்கலாம். உங்கள் மெட்டில் அதுவும் உட்காருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாத்தியம் வேண்டுமா? நான்கு குரலில் பாடலாமா?

150ஆம் சங்கீதம் எக்காளம், வீணை, தம்புரு, கைத்தாளம் என்று அடுக்குகிறது. கால்வினின் ஜெனீவாவிலோ ஆராதனையில் வாத்தியம் இல்லை, எல்லோரும் ஒரே குரல்வரிசைதான். குடிமேல் என்ற இசையமைப்பாளர் அதே மெட்டுகளுக்கு நான்கு குரல் அமைத்தது வீட்டில் பாடுவதற்காக. ஓதும் பகுதிக்கு கீபோர்டில் ஒரே கோர்டைப் பிடித்து வைத்தால் போதும். டிரம்ஸ் வந்தால் அசைகள் அடிக்குள் நசுங்கும்.

சபைக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பல்லவியை மட்டும் கற்றுக்கொடுங்கள். ஆராதனை தொடங்குவதற்கு முன் ஒருவர் வாத்தியமில்லாமல் பாட, எல்லோரும் திருப்பிப் பாட, இரண்டுமுறை போதும். இங்கிலாந்தில் 1644ஆம் ஆண்டு ஆராதனைக் கையேடு, வாசிக்கத் தெரியாதவர்கள் அதிகமுள்ள இடங்களில் ஒருவர் வரி வரியாகச் சொல்லிக்கொடுக்கட்டும் என்றது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் கேலிக் மொழிச் சபைகள் முன்பாடகர் வரியெடுத்துக் கொடுக்க இன்றும் பாடுகின்றன.

வசனப் பகுதியை முதல் ஒரு மாதம் குழுவோ முன்பாடகரோ மட்டும் பாடட்டும். அதே ஓதுமெட்டை அடுத்தடுத்த வாரங்களில் வேறு சங்கீதங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு புது மெட்டு கொண்டுவருவதுதான் இந்த முயற்சியைக் கொல்கிற முதல் காரணம். மெட்டு காதில் ஊறியபிறகு சபையே வசனத்திலும் சேர்ந்துகொள்ளும். அப்போது இரு பக்கமாகப் பிரித்து, இந்தப் பக்கம் ஒரு வசனம், அந்தப் பக்கம் ஒரு வசனம் என்று கொடுக்கலாம்.

கத்தோலிக்கப் புத்தகத்தில் எண் வேறாக இருக்கிறதே?

கிரேக்க, லத்தீன் பிரதிகளில் 9, 10 இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதால் பெரும்பகுதிக்கு எண் ஒன்று குறையும். பழைய பாட்டுப்புத்தகங்களில் 22 என்றிருப்பது நம் 23 ஆக இருக்கலாம். இரு எண்ணையும் போட்டுவிடுங்கள்.

பதிப்புரிமை?

பழைய ஐரோப்பிய மெட்டுகளுக்கு இல்லை, ஆனால் அவற்றின் புதிய இசையமைப்புக்கு இருக்கலாம். புதிய வேதாகம மொழிபெயர்ப்புகளுக்குப் பெரும்பாலும் உரிமை உண்டு. பாட்டுப்புத்தகமாக அச்சிடவோ இணையத்தில் ஏற்றவோ போகிறீர்கள் என்றால், முதல் பக்கத்தில் இருக்கும் உரிமைக் குறிப்பைப் படித்து, வெளியிட்ட சங்கத்திடம் எழுதிக் கேளுங்கள்.

எழுதி முடித்த மெட்டு சபைக்குப் பொருந்துமா என்று எப்படிச் சோதிப்பது?

முதல் வசனத்துக்கு மட்டும் பொருந்துகிற மெட்டுகள் ஏராளம், ஆகவே கடைசி வசனத்திலிருந்து பாடிப் பாருங்கள். பிறகு வாத்தியத்தை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். பாடப் பயிற்சி இல்லாத நான்கைந்து பேரைக் கூப்பிட்டு, காகிதம் கொடுக்காமல் பல்லவியை ஒருமுறை மட்டும் பாடிக்காட்டி, கால்மணி நேரம் வேறு ஏதாவது பேசிவிட்டுத் திருப்பிப் பாடச் சொல்லுங்கள். அவர்கள் எந்த இடத்தில் மாற்றிப் பாடுகிறார்களோ அங்கே பெரும்பாலும் அவர்கள் பாடுவதுதான் இயல்பான மெட்டு. உங்கள் தாளில் அதை அப்படியே திருத்திக்கொள்ளுங்கள்.